மூடிய புல் ரிக்வெஸ்ட்டும் அப்பாவின் கடை பில்லும்

கேள்வி:

அக்கா, நான் கொழும்பில் கணினி விஞ்ஞானம் இரண்டாம் வருடம் படிக்கிறேன். ஓப்பன் சோர்ஸில், அதாவது எழுதிய கோட்டை யாரும் பார்க்கவும் திருத்தவும் திறந்து வைத்திருக்கும் மென்பொருள்களில், பங்களித்தால் நல்லது என்று சீனியர்மார் சொன்னதால், போன மாதம் ஒரு பெரிய புரொஜெக்ட்டுக்குப் புல் ரிக்வெஸ்ட், அதாவது என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கை, அனுப்பினேன். ஒரு பிழையைத் திருத்தி, அப்படியே கோட்டையும் ஒழுங்குபடுத்தினேன். மொத்தம் 14 கோப்புகள். 11 நாள் கழித்து, ‘தொடர்பில்லாத மாற்றங்கள் கலந்திருக்கின்றன, மூடுகிறேன்’ என்று ஒரே ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு லப்டொப்பைத் திறக்கவே மனம் வரவில்லை. என் பட்ச்சில் சிலர் ஏஐ வைத்து மாதம் 40, 50 என்று அனுப்புகிறார்கள். கோட்டை ஏற்றி வைக்கும் கிட்ஹப் தளத்தில், பங்களித்த நாளெல்லாம் பச்சைச் சதுரமாகத் தெரியும் அவர்களுடைய பக்கம் முழுக்கப் பச்சை. எனக்கு ஆங்கிலமும் தடுமாற்றம். அப்பா ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார் (அவருக்குப் பில் போடும் மென்பொருளை நான்தான் எழுதிக் கொடுத்தேன், தமிழில் பிரிண்ட் பண்ணினால் மட்டும் பெட்டி பெட்டியாக வருகிறது). ‘வெளிநாட்டுக்காரனுக்குச் சும்மா வேலை செய்து உனக்கு என்ன கிடைக்கப்போகுது?’ என்று கேட்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை. தொடரவா, விடவா?

ச., கொட்டாஞ்சேனை

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டு தரமும், நீங்கள் அடைப்புக்குறிக்குள் ஒதுக்கி எழுதிய அந்த வரியில்தான் என் கண் நின்றது. தமிழில் அடித்தால் பெட்டி பெட்டியாக வரும் பில். நீங்கள் கேட்டவற்றில் பாதிக்கு மேல் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் முதலில் உங்களை நோகடித்த விஷயத்தைக் கதைப்போம்.

எனக்கும் இது நடந்தது. பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஒரு சின்னப் புரொஜெக்ட்டுக்கு முதல் திருத்தம் அனுப்பினேன். மூன்று மாதம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு வந்த பதில் அரை வரி: பிரித்து அனுப்பவும். ராத்திரி முழுக்க அந்த அரை வரியைத் திருப்பித் திருப்பி வாசித்து, நான் ஒன்றுக்கும் உதவாதவள் என்று முடிவு கட்டிவிட்டேன். இப்போது நான் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஒரு சின்ன லைப்ரரியை, அதாவது மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பாவிக்கும் கோட் தொகுப்பை, பராமரிக்கிறேன். மேசையின் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்த பிறகுதான் அந்த அரை வரி எங்கிருந்து வந்தது என்று விளங்கியது.

எனக்கு அந்த வேலைக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை இரவு, பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒன்றரை மணித்தியாலம். அந்த நேரத்தில் 14 கோப்புகள் மாறிய ஒரு புல் ரிக்வெஸ்ட்டைத் திறந்தால், உண்மையான திருத்தம் எது, இடைவெளி சரி செய்தது எது என்று அரிசியில் கல் பொறுக்குவது மாதிரிப் பொறுக்க வேண்டும். பொறுக்கி முடித்து ஏற்றுக்கொண்டால் கதை முடிந்துவிடாது. நீங்கள் படித்து முடித்து வேலைக்குப் போய்விடுவீர்கள். ஐந்து வருடம் கழித்து அந்த வரியில் ஒரு பிழை வந்தால் பதில் சொல்ல நிற்பது நான்தான். ஏற்றுக்கொள்ளும் ஒவ்வொரு வரியையும் பராமரிப்பவர் சுமக்க வேண்டும். அதனால்தான் தயங்குகிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு, இது புதிது. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவி லினக்ஸ் இயங்குதளம் உள்ள அநேகமாக எல்லாக் கணினியிலும் இருக்கிறது. அதைப் பல வருடம் ஒரே ஒருவர்தான் தனியாகப் பராமரித்து வந்தார், களைத்தும் போயிருந்தார். 2021 இலிருந்து ஜியா டான் என்ற பெயரில் யாரோ சின்னச் சின்ன, பயனுள்ள திருத்தங்களாக அனுப்பி, இரண்டு வருடத்துக்கு மேலாக நம்பிக்கையைச் சம்பாதித்து, இணைப் பராமரிப்பாளராகவும் ஆனார். கடைசியில் 5.6.0, 5.6.1 என்ற இரண்டு வெளியீடுகளில் ஒரு இரகசியக் கதவைப் புகுத்தினார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிரொயிண்ட் என்ற பொறியியலாளர், சேர்வர் ஒன்றில் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக எடுக்கிறதே என்று தோண்டிப் பார்த்ததில்தான் அது அகப்பட்டது. அரை விநாடியைக் கவனித்த ஒரு மனிதரால் எத்தனையோ கணினிகள் தப்பின. அதற்குப் பிறகு, அறிமுகமில்லாதவர் அனுப்பும் மாற்றத்தில் தேவையில்லாத ஒரு வரி இருந்தாலும் பராமரிப்பவர்களுக்கு மனம் ஒருமுறை திடுக்கிடுகிறது. உங்கள் 14 கோப்புகள் போய்ச் சேர்ந்தது அப்படிப்பட்ட ஒரு காலத்தில்.

அவர் இன்னும் கொஞ்சம் அன்பாகச் சொல்லியிருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. முதன்முதலாக அனுப்பும் பிள்ளைக்கு இன்னும் இரண்டு வரி எழுதுவதற்கு ஒரு நிமிடம்தான் பிடிக்கும், நான் அதை எழுதத்தான் பார்க்கிறேன். ஆனால் அவர் மூடியது அந்தப் பொதியை. திருத்தம் வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை.

எனவே அதைத் திரும்ப அனுப்புங்கள். புதிய கிளை (கோட்டின் தனிப் பிரதி) ஒன்று எடுத்து, பிழைத் திருத்தம் மட்டும் போடுங்கள். ஒழுங்குபடுத்தும் கருவி எதையும் ஓடவிட வேண்டாம், உங்கள் எடிட்டர் சேமிக்கும்போது தானாக ஒழுங்குபடுத்தினால் அதை நிறுத்திவிடுங்கள் (14 கோப்பு ஆனது அப்படித்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்). அந்தப் பிழை திரும்ப வந்தால் பிடிக்கிற மாதிரி ஒரு டெஸ்ட் சேருங்கள். விளக்கத்தில் மூன்று விஷயம் போதும்: என்ன செய்தால் பிழை வருகிறது, ஏன் வருகிறது, எதை மாற்றினேன். மேலே ஒரு வரி: ‘முன்னையதில் இரண்டு வேலைகளைக் கலந்துவிட்டேன், இதில் திருத்தம் மட்டும் இருக்கிறது.’ பந்தி பந்தியாக மன்னிப்புக் கேட்க வேண்டாம். இரண்டு கிழமை பாருங்கள், ஒரு தடவை பணிவாக ஞாபகப்படுத்துங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடலாம். பெரிய புரொஜெக்ட்டுகளில் நல்ல திருத்தமும் வரிசையில் கிடந்து போவதுண்டு.

பட்ச் நண்பர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இந்தக் கணக்குக் காட்டும் ஆசை ஏஐக்கு முன்னரே இருந்தது. டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் 2014 இலிருந்து ஒவ்வொரு ஒக்டோபரிலும் ஹக்டோபர்ஃபெஸ்ட் என்ற ஓப்பன் சோர்ஸ் பங்களிப்புத் திருவிழாவை நடத்துகிறது. 2020 இல் நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் ஒரு டீ-சேர்ட். சேர்ட்டுக்காக, ரீட்மீ என்ற அறிமுகக் குறிப்புக் கோப்பில் ஒரு சொல்லை மாற்றியும் ஒரு சொல்லைக் கூட்டியும் உலகம் முழுக்க இருந்து வந்து கொட்டியதில், பராமரிப்பவர்கள் ஒக்டோபர் பிறந்த முதல் சில நாளிலேயே தலையில் கை வைத்துவிட்டார்கள். சம்மதம் தெரிவித்த புரொஜெக்ட்டுகளுக்கு அனுப்புவது மட்டுமே கணக்கில் சேரும் என்று அந்த வாரமே விதியை மாற்ற வேண்டி வந்தது. 2024 தொடக்கத்தில் வலைத்தளங்கள் கட்டப் பாவிக்கும் எக்ஸ்பிரஸ் என்ற புரொஜெக்ட்டுக்கும் இதே கதி. புல் ரிக்வெஸ்ட் அனுப்பப் பழகுவதற்காக ரீட்மீயில் தங்கள் பெயரை எழுதி அனுப்பிய புதியவர்கள் ஏராளம். இப்போது ஏஐ வந்ததும் அந்த வெள்ளம் பெருத்துவிட்டது. இணையத்தில் தரவு அனுப்பவும் எடுக்கவும் பாவிக்கும் கேர்ல் என்ற கருவியை எழுதிய டானியல் ஸ்டென்பெர்க், இல்லாத பாதுகாப்புக் குறைகளை ஏஐ இட்டுக்கட்டி எழுத அதை மனிதர்கள் அனுப்புவதால் தன் குழுவின் நேரம் வீணாவதைப் பகிரங்கமாகவே எழுதி வருகிறார். லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஜென்டூ 2024 இல் ஏஐ எழுதிய பங்களிப்பே வேண்டாம் என்று முடிவெடுத்தது. வேறு சில புரொஜெக்ட்டுகள், பாவித்தால் சொல்லிவிடுங்கள் என்கின்றன. அனுப்ப முன்னர் அவரவர் விதியை வாசியுங்கள்.

நான் ஏஐ பாவிக்கிறேன், நீங்களும் பாவியுங்கள். ஆனால் ‘இந்த வரி ஏன்?’ என்று ஒருவர் கேட்டால் உங்கள் சொந்த வாயால் விளக்க முடியாத ஒரு வரியையும் அனுப்பாதீர்கள். வேலைக்கு நேர்முகம் செய்யும்போது பச்சைச் சதுரங்களை நான் எண்ணுவதில்லை. ஒரே ஒரு புல் ரிக்வெஸ்ட்டைத் திறந்து, அதற்குக் கீழே நடந்த உரையாடலைத்தான் வாசிப்பேன். பிழை சொல்லப்பட்டபோது இந்தப் பிள்ளை என்ன செய்தது? கேள்வியைச் சரியாக விளங்கிக்கொண்டதா? தான் சொன்னது பிழை என்று தெரிந்ததும் ஒத்துக்கொண்டதா? இன்னொருவர் சொன்னது பிழையாக இருந்தபோது ஆதாரத்தோடு மறுத்ததா? மாதம் 50 அனுப்புகிறவரிடம் அப்படி ஒரு உரையாடல்கூட எனக்குக் கிடைப்பதில்லை, ஏனென்றால் அவர் எங்கும் நின்று பேசுவதே இல்லை.

சரி, இப்போது உங்கள் பில்லுக்கு வருவோம்.

கடைகளில் பாவிக்கும் வெப்ப அச்சு பிரிண்டருக்குள் சில எழுத்து அட்டவணைகள்தான் இருக்கும். 65 என்ற எண்ணை அனுப்பினால் ஆங்கிலப் பெரிய ‘ஏ’ விழும். தமிழுக்கு அட்டவணையே இல்லாததால் பெட்டி விழுகிறது. தமிழ் எழுத்துருவை உள்ளே ஏற்றினாலும் அது மட்டும் போதாது. கொழும்பு என்று எழுதும்போது கணினி சேமித்து வைப்பது முதலில் ‘க’, பிறகு ‘ொ’. தாளில் விழ வேண்டியதோ முதலில் கொம்பு, நடுவில் ‘க’, பிறகு கால். இந்த இடமாற்றத்தை யாராவது செய்ய வேண்டும். உங்கள் ஃபோனில் இந்த வரிகள் ஒழுங்காகத் தெரிகின்றன என்றால், அநேகமாக அதைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள். பயர்பொக்ஸ், குரோம், அண்ட்ரொயிட், லிப்ரே ஒபிஸ் எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது அதுதான். அது திறந்த மூலம், நீங்கள் சொல்லும் ஓப்பன் சோர்ஸ்தான். நாம் தமிழில் ஒரு குறுஞ்செய்தி வாசிக்கும்போதும் முகம் தெரியாத யாரோ எழுதித் திறந்து வைத்த கோட்டின் மேல்தான் நிற்கிறோம்.

ஆகவே பில்லின் ஒவ்வொரு வரியையும் ஹார்ஃப்பஸ் கொண்டு படமாக வரைந்து, அந்தப் படத்தைப் புள்ளிகளாக பிரிண்டருக்கு அனுப்ப வேண்டும். 80 மில்லிமீற்றர் தாளுக்குப் பெரும்பாலான பிரிண்டர்களில் அகலம் 576 புள்ளி, 58 மில்லிமீற்றர் தாளுக்கு 384 புள்ளி. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. பைதான், பிஎச்பி, ஜாவாஸ்கிரிப்ட் என்று எதில் எழுதியிருந்தாலும் நீங்கள் பாவித்த பிரிண்டர் லைப்ரரி ஏதோ ஒரு திறந்த மூலப் புரொஜெக்ட்டாகத்தான் இருக்கும். அதுதான் உங்கள் புரொஜெக்ட். பெரிய பெயர் என்று நீங்கள் போய் முட்டிய அந்த இடத்தை விட இதில் உங்களுக்குப் பல மடங்கு வேலை இருக்கிறது.

அந்த லைப்ரரியை எழுதியவர் எந்த நாட்டில் இருந்தாலும், கொட்டாஞ்சேனைக் கடையில் ‘சீமெந்து’ என்று அடித்தால் என்ன விழுகிறது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. உங்களிடம் பிரிண்டர் இருக்கிறது, தாள் இருக்கிறது, தினமும் பில் கேட்கிற வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். முதல் வேலையாக ஒரு கோட்டும் எழுதாமல், ஒரு பிழை அறிக்கை எழுதுங்கள். பெட்டி விழுந்த பில்லின் படம், பிரிண்டரின் மொடல், நீங்கள் அனுப்பிய பத்து வரிக் கோட், எதிர்பார்த்தது என்ன என்பது. அதற்கு முன்னர் பழைய இஷ்யூக்களை, அதாவது மற்றவர்கள் அங்கே பதிந்த பிழை அறிக்கைகளை, தேடுங்கள். சிங்களத்துக்கோ தாய்லாந்து மொழிக்கோ வங்காளத்துக்கோ யாராவது இதையே கேட்டிருக்கக்கூடும், அப்படியென்றால் அங்கேயே போய்ச் சேருங்கள். சிங்களமும் இதே இடமாற்றச் சிக்கல் உள்ள எழுத்துத்தான். உங்கள் பட்ச்சில் சிங்கள நண்பி ஒருத்தி இருந்தால் அவளையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரே திருத்தம் இரண்டு மொழிக்கும் உதவும், இந்தத் தீவில் இருக்கும் எத்தனையோ கடைகளுக்கும் உதவும்.

இரண்டாவது வேலை, ‘தமிழில் அச்சிடுவது எப்படி’ என்று ஆவணத்தில் ஓர் உதாரணம். ஆவணம் எழுதுவதைச் சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். பராமரிப்பவருக்கு ஒரே கேள்விக்கு இருபது தரம் பதில் எழுதும் வேலை அதனால் மிச்சமாகிறது, உங்களை அவர் ஞாபகம் வைத்திருப்பதும் அதனால்தான்.

மூன்றாவதில் கோட் வரும். பொருளின் பெயரை இத்தனை எழுத்துக்கு மேல் வெட்டிவிடு என்று அந்த லைப்ரரியில் ஒரு இடம் இருக்கக்கூடும். சீமெந்து நமக்கு நான்கு எழுத்து. கணினியிடம் நீளம் கேட்டால் எட்டு என்கிறது, ஏனென்றால் அது சீ, மெ, ந், து என்பதில் உள்ள விசிறி, கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணுகிறது. ஏழில் வெட்டினால் ‘சீமெந்த’ என்று நிற்கும். விலை நிரல்களும் ஒன்றுக்கு நேர் ஒன்று வராமல் கோணும். இதைவிட நுணுக்கமானது ‘கொ’. அதை ‘க’வும் ‘ொ’வும் என்று இரண்டு துண்டாகவும் வைக்கலாம், ‘க’, ‘ெ’, ‘ா’ என்று மூன்று துண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். யுனிகோட் விதிப்படியும் இரண்டும் சமம். ஆனால் ஒழுங்காக எழுதாத தேடல் ஒன்றில் ‘கொழுக்கி’ என்று தேடினால், கடையில் இருக்கிற சாமானை இல்லை என்று சொல்லிவிடும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்தவர்களுக்கு இந்தப் பிழைகள் கனவிலும் வராது. நீங்கள் கடையில் ஒரு நாள் நின்றாலே நாலைந்து அகப்படும். அவற்றுக்கு ஒவ்வொன்றாக டெஸ்ட் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் தனிப் புல் ரிக்வெஸ்ட்டாக அனுப்புங்கள்.

இப்படி ஒரே இடத்தில் ஒரு வருடம் நில்லுங்கள். மூன்றாவது, நான்காவது திருத்தத்தில் பராமரிப்பவர் உங்கள் பெயரைக் கூப்பிட்டுப் பதில் எழுதத் தொடங்குவார். பிறகு ஒருநாள், வேறு யாரோ அனுப்பிய இந்திய மொழித் திருத்தத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று உங்களைக் கேட்பார். அப்பாச்சி என்ற திறந்த மூல அறக்கட்டளையின் புரொஜெக்ட்டுகளில் கோட் சேர்க்கும் உரிமை பெற்ற இலங்கையர்கள் பலர் அப்படித்தான் அந்த இடத்துக்கு வந்தார்கள். அங்கே விண்ணப்பம் போட்டு உரிமை வாங்குவதில்லை. வேலையைப் பார்த்து ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் அழைப்பார்கள்.

ஒருவேளை அந்த லைப்ரரி கைவிடப்பட்டுக் கிடந்தால் வேறொன்றைத் தேட வேண்டி வரும். அப்போது மூன்றைப் பாருங்கள்: கடைசி மாற்றம் எப்போது, அறிமுகமில்லாதவர்களின் புல் ரிக்வெஸ்ட்டுக்கு அண்மையில் பதில் கிடைத்திருக்கிறதா, அதன் டெஸ்ட்டுகள் உங்கள் லப்டொப்பில் சில நிமிடத்தில் ஓடி முடிகின்றனவா. லிப்ரே ஒபிஸ் மாதிரி ஒன்றைப் பழைய லப்டொப்பில் கட்டி எடுக்க மணிக்கணக்காகும், டேட்டாவும் நிறையப் போகும். கோட்டின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில் ‘டெப்த் 1’ என்று கொடுத்து இறக்கினால் பழைய வரலாறு முழுவதும் வராது, டேட்டா மிச்சம். ஆரம்பத்துக்கு அது போதும்.

ஆங்கிலத்துக்காகப் பயப்பட வேண்டாம். பராமரிப்பவர்களில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. 1991 ஆகஸ்ட்டில் லினக்ஸை அறிவித்த லினஸ் டோர்வால்ட்ஸ் பின்லாந்தில் சுவீடிஷ் பேசி வளர்ந்த மாணவர், அப்போது வயது 21. சின்ன வாக்கியமாக எழுதுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம். படம், பிழைச் செய்தி, செய்து பார்த்த படிகள் இருந்தால் இலக்கணம் தடுக்கினாலும் விஷயம் போய்ச் சேரும். உங்கள் சொற்களில் எழுதிய பிறகு, இலக்கணத்தை மட்டும் திருத்தித் தா என்று ஏஐயிடம் கேட்பதில் பிழை இல்லை. முழுவதையும் அதனிடம் எழுதக் கொடுத்தால், மூன்று வரிச் சங்கதி ஒரு பக்க அலங்காரமாகி வரும், வாசிப்பவர் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். ஒரு மாதம் தினமும் இரண்டு இஷ்யூவை முழு உரையாடலோடு வாசியுங்கள். எப்படிக் கேட்கிறார்கள், எப்படி மறுக்கிறார்கள் என்ற நடை தானாகப் படியும். எனக்கு ஆங்கிலம் வந்ததே அப்படித்தான்.

அப்பாவின் கேள்வி நியாயமான கேள்வி. கடை வைத்திருப்பவருக்கு உழைப்பின் விலை தெரியும். பெரிய நிறுவனங்கள் சம்பளம் இல்லாதவர்களின் கோட் மேல் கோடி கோடியாகச் சம்பாதிப்பதும் உண்மை. 2021 டிசம்பரில், மென்பொருள்கள் தங்களுக்குள் நடப்பதைப் பதிந்து வைக்கப் பாவிக்கும் லொக்ஃபோர்ஜே என்ற லைப்ரரியில் பயங்கரமான ஓட்டை தெரிய வந்தபோது, உலகத்தின் பாதி அதைப் பாவித்துக்கொண்டிருந்தது, இரவு பகலாக நின்று அடைத்தவர்கள் ஒரு சில தொண்டர்கள். ஆகவே எல்லை வைத்துக்கொள்ளுங்கள். கிழமைக்கு ஒரு மாலை, பரீட்சைக் காலத்தில் அதுவும் இல்லை. யாரும் உங்களை அவசரப்படுத்த முடியாது, அவசரப்படுத்தினால் அவர் உங்களுக்குச் சம்பளம் கொடுக்கட்டும்.

ஆனால் அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி வந்து சில நாட்களுக்குள் இந்தக் கொழும்பில் சில மென்பொருள் பொறியியலாளர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து, காணாமல் போனவர்கள், முகாம்கள், உதவி நிறுவனங்கள் இவற்றைப் பதிந்து தேட ஒரு மென்பொருளை எழுதினார்கள். பெயர் சஹானா, சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். அதைத் திறந்து வைத்ததால் அடுத்த வருடம் பாகிஸ்தான் நிலநடுக்கத்தில் அது பாவிக்கப்பட்டது, 2010 இல் ஹெய்டியில் பாவிக்கப்பட்டது. ஃப்ரீ சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் சமூகப் பயனுக்கான தன் 2006 ஆம் ஆண்டு விருதை அதற்குக் கொடுத்தது. அதற்கு முந்திய வருடத்துக்கான விருதை வாங்கியது விக்கிப்பீடியா. 2003 இல் தொடங்கிய லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனைச் சுற்றி ஓப்பன் சோர்ஸ் பழகியவர்களிடமிருந்துதான் 2005 இல் டபிள்யூஎஸ்ஓ2 என்ற மென்பொருள் நிறுவனம் பிறந்தது. இன்று கொழும்பில் அங்கே எத்தனையோ பிள்ளைகள் சம்பளம் வாங்குகிறார்கள். வெளிநாட்டுக்காரனுக்குச் சும்மா கொடுத்த வேலை என்று எங்கள் அப்பாவும் அந்தக் காலத்தில் சொன்னார். என் முதல் வேலை கிடைத்தது அந்தச் சும்மா கொடுத்த வேலையைக் காட்டித்தான்.

நேரடியாகக் காசு வரும் வழியும் உண்டு. திறந்த மூல வேலைக்குக் கொடுப்பனவு தரும் கூகுள் சம்மர் ஒஃப் கோட் திட்டம் 2005 இல் தொடங்கியது. அதன் முதல் பத்து வருடக் கணக்கில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் நம் மொறட்டுவை. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், கொடுப்பனவு நாட்டுக்கு நாடு மாறும். வழமையாகப் பெப்ரவரியில், பங்கேற்கும் திறந்த மூல அமைப்புகளை அறிவித்து, அதற்கடுத்த வாரங்களில் விண்ணப்பம் எடுப்பார்கள். அறிவித்த பிறகு ஓடிப்போய் அறிமுகம் செய்துகொள்பவர்களைவிட, முந்திய செப்டெம்பரிலிருந்து அங்கே வேலை செய்துகொண்டிருப்பவர்களுக்கே இடம் கிடைக்கும். அவுட்ரீச்சி என்று இன்னொன்று, தங்கள் நாட்டின் தொழில்நுட்பத் துறையில் குறைவாகக் காணப்படுகிறவர்களுக்கானது. மூன்று மாதம், வீட்டிலிருந்தே வேலை, 7,000 டொலர். இலங்கையில் ஒரு தமிழ்ப் பெண் பிள்ளையாக நீங்கள் அதற்கு யோசிக்காமல் விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழக நேரசூசியைக் கேட்பார்கள், அதை முன்னரே எடுத்து வையுங்கள்.

இன்டர்ன்ஷிப் போகும்போது ஒரு எச்சரிக்கை. நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில், சனி ஞாயிறில் வீட்டில் எழுதிய கோட்டும் கம்பனிக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்தில் இருந்ததை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அதனால் ஒன்றரை வருடம் நான் ஒரு திருத்தமும் அனுப்பவில்லை, அது இன்றும் எனக்கு மனவருத்தம். அந்தப் பந்தியைத் தேடி வாசியுங்கள். திறந்த மூல வேலைக்கு எழுத்தில் அனுமதி கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஒரு அக்காவாகச் சொல்ல வேண்டும். முழுப் பெயரும் முகப்படமும் போட வேண்டிய கட்டாயம் இல்லை. இதற்கென்று தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் பதியும் ஒவ்வொரு மாற்றத்திலும் (கொமிட்) அது பகிரங்கமாகத் தெரியும். உதவி செய்கிறேன் என்று சொல்லித் தனிச் செய்திக்கு இழுப்பவர்களிடம், பொதுவிலேயே கதைப்போம் என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னதும் கோபிப்பவர் உதவ வந்தவர் இல்லை. நடத்தை விதி உள்ள புரொஜெக்ட்டில் முறையிட யாருக்கு எழுத வேண்டும் என்று அதிலேயே இருக்கும், ஸ்கிரீன்ஷொட்டோடு எழுதுங்கள்.

தொடருங்கள், தங்கச்சி. அந்தப் பெரிய புரொஜெக்ட்டுக்குப் பிரித்த திருத்தத்தை இந்தக் கிழமை அனுப்பிவிட்டு, கடைக்குப் போய் பிரிண்டரைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். மொடல் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அவர்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான். இஷ்யூ எழுதியதும் இணைப்பை எனக்கு அனுப்புங்கள். என் வீட்டுக்குப் பக்கத்துப் பலசரக்குக் கடையிலும் ஒரு 58 மில்லிமீற்றர் பிரிண்டர் இருக்கிறது, உங்கள் கோட்டை அதில் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.